அனுப்பியவர் யார் என்று கேளாத தபாற்காரன்

மின்னஞ்சலில் அனுப்புநரின் பெயரைக் கண்டதும் அவரே அதை எழுதினார் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கைக்கு மின்னஞ்சலின் மூல நெறிமுறையில் எந்த உத்தரவாதமும் இல்லை.

1971 இல் அமெரிக்கப் பொறியியலாளர் ரே தொம்லின்சன், ஆர்பாநெட் வலையமைப்பினூடாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். முகவரிக்கு @ குறியைத் தெரிந்தெடுத்தவரும் அவரே. அன்று அவ்வலையமைப்பு ஆய்வாளர்களின் சிறிய உலகம்; அங்கே அந்நியர் இல்லை.

1982 ஓகஸ்டில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜொனதன் போஸ்டல் எஸ்.எம்.ரி.பி. எனப்படும் எளிய அஞ்சற் பரிமாற்ற நெறிமுறையை வெளியிட்டார். அது இரு வழங்கிகளுக்கிடையிலான உரையாடல். முதலில் முகமன், அடுத்து 'இன்னாரிடமிருந்து', 'இன்னாருக்கு', 'இதோ கடிதம்'. மறுபக்கம் ஒவ்வொன்றுக்கும் 'சரி' என்று பதில் தரும். அந்த இன்னார் உண்மையில் இன்னார்தானா என்று வினவும் கட்டளை அதில் இல்லை. உறையில் ஒரு முகவரியும் உள்ளே கடிதத்தின் தலைப்பில் வேறொரு பெயரும் இருக்கலாம். நம் கண்ணுக்குத் தெரிவது பின்னையதே. கடிதமும் அஞ்சலட்டையைப் போல வழியெங்கும் திறந்தே சென்றது.

போஸ்டல் அபாயத்தை அறியாதவரல்லர். வேண்டாத அஞ்சலை மறுக்க வலையமைப்பில் வழியில்லை என்று 1975 இலேயே எழுதியவர் அவர். 1978 இல் கணினி நிறுவனமொன்றின் விளம்பரம் ஆர்பாநெட்டில் நூற்றுக்கணக்கானோருக்குச் சென்றது. 1988 நவம்பரில் மொறிஸ் புழு, அஞ்சல் கடத்தும் 'சென்ட்மெயில்' மென்பொருளில் இருந்த திறந்த கதவொன்றின் வழியாகவும் பரவியது.

பூட்டுகள் பின்னரே வந்தன. 1999 இல் வழியை மறைகுறியாக்கும் ஏற்பாடு வந்தது. ஒரு களப்பெயரின் சார்பில் அனுப்பத்தக்க வழங்கிகளை அறிவிக்கும் எஸ்.பி.எஃப். 2006 இலும், கடிதத்துக்கு எண்ணியல் ஒப்பமிடும் டி.கே.ஐ.எம். 2007 இலும் வெளியாகின. அவ்விரண்டையும் நாம் காணும் முகவரியோடு ஒப்புநோக்கும் டிமார்க் 2012 இல் அறிமுகமானது. பெருந்தொகையாக அஞ்சல் அனுப்புவோருக்கு கூகுளும் யாகூவும் இவற்றைக் கட்டாயமாக்கியதோ 2024 பெப்ரவரியில்தான்.

ஆயினும் இவை உறுதிசெய்வது களப்பெயரையே, மனிதரையல்ல. கடவுச்சொல்லைத் திருடியவனின் கடிதமும், ஓர் எழுத்தை மாற்றிப் பதிவுசெய்த போலிக் களப்பெயரின் கடிதமும் இச்சோதனைகள் அனைத்திலும் தேறிவிடும். பணம் கேட்டோ இரகசியம் கேட்டோ வரும் அஞ்சலை, பெயரைப் பார்த்து மட்டும் நம்புதல் ஆகாது.

வாசகர் கடிதத்தைக்கூட எழுதியவரை உறுதிப்படுத்திய பின்னரே அச்சேற்றுவது பத்திரிகை மரபு. அந்தக் கேள்வியை நெறிமுறை கேட்கவில்லை. பெறுபவராகிய நாமே கேட்கவேண்டியிருக்கிறது.