அசையாச் சொத்தும் அசையும் சொத்தும்: கொல்கத்தா வழக்குகள் வழியே

ஒரு வீட்டை விற்கும்போது அதன் கதவும் ஜன்னலும் தனியாகப் பேசாமலே வாங்குபவருக்குப் போய்விடுகின்றன. கூடத்தில் கிடக்கும் கட்டில் போவதில்லை. இரண்டும் ஒரே தேக்கில், ஒரே தச்சர் இழைத்தவையாக இருக்கலாம். ஆனால் கதவு சுவரைச் சேர்ந்தது, சுவர் மண்ணைச் சேர்ந்தது. கட்டில் எதையும் சேராமல் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய வாசல் சாவியும் வீட்டோடுதான் சேர்த்தி. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 8ஆம் பிரிவில் பூட்டையும் சாவியையும் பெயர் சொல்லியே வீட்டோடு சேர்க்கிறது.

மண்ணும் மண்ணோடு ஒட்டியவையும் அசையாச் சொத்து. மற்றவை அசையும் சொத்து. பழைய தமிழ்ப் பத்திரங்கள் இவற்றை ஸ்தாவரம், ஜங்கமம் என்றன. வங்காளிகள் இன்றும் ஸ்தாபர், அஸ்தாபர் என்கிறார்கள்.

மண்ணோடு ஒட்டுவது எப்படி?

சட்டம் மூன்று வகை ஒட்டுதலைச் சொல்கிறது. மரம் செடிபோல வேரூன்றி நிற்பது ஒன்று. சுவர், கட்டடம்போல மண்ணில் பதிந்து நிற்பது இரண்டாவது. அப்படிப் பதிந்ததன் நிலையான பயனுக்காக அதோடு பொருத்தப்பட்டது மூன்றாவது. கதவும் ஜன்னலும் இந்த வகை. 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், நிலத்திலிருந்து கிடைக்கும் பலன்களையும் அசையாச் சொத்தில் சேர்க்கிறது. அதனால்தான் ஒடிசாவின் சில்கா ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை அசையாச் சொத்து என்று 1955இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவு செய்யாமல் வாய்ப்பேச்சாக அந்த உரிமையை வாங்கியவர்களின் கோரிக்கை நிற்கவில்லை. ஏரி மீனுக்கே இந்த நிலை என்றால், தமிழ்க் கிரயப் பத்திரங்களில் மாவடை, மரவடை, நிதி, நிட்சேபம் என்று மரம் முதல் புதையல் வரை அடுக்கி எழுதிய முன்னோரின் எச்சரிக்கை புரிகிறது.

மரத்தில் ஒரு நுட்பம் உண்டு. காய்க்காக நிற்கும் மாமரம் அசையாச் சொத்து. சீக்கிரமே வெட்டி மரமாகப் பயன்படுத்தும் எண்ணத்தோடு விற்கப்படும் தேக்கு, வேர் இன்னும் மண்ணில் இருந்தாலும், அசையும் சொத்து. வயலில் நிற்கும் பயிரும் புல்லும் அப்படியே.

ஒட்டியது பிரிந்தால் வகையும் மாறும். 1837இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் கல்கத்தாவில் வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொன்னது: மண்ணோடு ஒட்டியிருக்கும்வரை ஒரு பொருளைத் திருட முடியாது; நேர்மையற்ற எண்ணத்தோடு மரத்தை வெட்டிப் பிரித்த கணமே அது திருட்டு. கொல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் நிற்கும் பர்மிய பகோடா இந்த மாற்றத்துக்குக் கண்கூடான சாட்சி. பர்மாவின் புரோம் நகரத்தில் எழுந்த அந்த மரக்கட்டடத்தை 1854இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி ஆட்சியில் பிரித்துக் கப்பலேற்றினார்கள். 1856இல் அது ஈடன் தோட்டத்தில் மறுபடி எழுந்தது. பிரித்த பலகைகளாகக் கடல் கடந்தபோது அது ஜங்கமம். இப்போது மறுபடியும் ஸ்தாவரம்.

வீடு ஒருவருக்கு, மண் ஒருவருக்கு

மண்ணோடு சேர்ந்ததெல்லாம் மண்ணுக்கு உரியவருக்கே என்பது இங்கிலாந்தின் பழைய விதி. அது அப்படியே இந்த நாட்டுக்குப் பொருந்தாது என்று 1866இலேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. தாகூர் சந்தர் பராமாணிக் வழக்கில், தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் உள்ளிட்ட முழு அமர்வு இந்நாட்டு வழக்கத்தை எடுத்துக்காட்டியது. நேர்மையான உரிமை இருப்பதாக நம்பி அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டியவர், நிலத்தைப் பழையபடி விட்டுவிட்டுக் கட்டுமானப் பொருளை எடுத்துச் செல்லலாம். நில உரிமையாளர் கட்டடத்தை வைத்துக்கொண்டால் அதற்கான மதிப்பைக் கட்டியவருக்குக் கொடுக்க வேண்டும். கட்டியவரின் உழைப்பைக் காத்த தீர்ப்பு அது.

நகரத்தின் பஸ்திகள் என்னும் குடிசைப் பகுதிகள் இந்தக் கொள்கையின்மேல்தான் வளர்ந்தன. நிலம் ஜமீன்தாருடையது. அதற்குத் தரைவாடகை கொடுத்து, மேலே ஓட்டு வீடுகளைக் கட்டிக்கொண்டவர் டிகா குத்தகைதாரர். அந்த வீட்டின் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர் பாராட்டியா. ஒரே கூரையின்கீழ் மூன்று உரிமைகள். 1949இல் வந்த கல்கத்தா டிகா குத்தகைச் சட்டம், கட்டியவரைக் கண்டபடி வெளியேற்றுவதைத் தடுத்தது. 1981ஆம் ஆண்டின் சட்டம் டிகா நிலங்களை அரசுடைமையாக்கியது. பின்னர் 2001ஆம் ஆண்டின் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. சென்னை வாசகருக்கு இது புதிதல்ல: அடிமனை ஒருவருக்கும் கட்டடம் ஒருவருக்கும் இருந்த நிலையில், கட்டியவரைக் காக்கவே 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

சாமியை இடம் மாற்றலாமா?

கொல்கத்தாவிலிருந்து போன இன்னொரு வழக்கு உருக்கமானது. மல்லிக் குடும்பத்தினர் முறைவைத்துப் பூசித்துவந்த குலதெய்வ விக்கிரகத்தை, தம் முறை வந்தபோது தம் வீட்டுக்குக் கொண்டுபோக ஒருவர் விரும்பினார். தூக்கிச் செல்லக்கூடிய சிலைதானே, அசையும் சொத்துதானே என்பது வாதம். 1925இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. விக்கிரகம் வெறும் பொருளல்ல, சட்டத்தின் பார்வையில் அதற்கு ஆளுமை உண்டு. எங்கே இருப்பது என்பதில் அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும், அதைச் சொல்ல நடுநிலையான ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது. சொத்தின் இரு வகைக்குள்ளும் அடங்காததும் உண்டு என்று அந்தத் தீர்ப்பு காட்டியது.

இயந்திரங்களில் சிக்கல் தொடர்கிறது. கான்பூர் உர ஆலையின் இயந்திரங்கள் நிலையாக நிறுவப்பட்டவை, ஆகவே அசையாச் சொத்து என்று 1999இல் உச்ச நீதிமன்றம் முத்திரைத்தீர்வையை உறுதிசெய்தது. 2024 நவம்பரில் அதே நீதிமன்றம், செல்போன் கோபுரம் கழற்றி வேறிடத்தில் நிறுத்தக்கூடியது, ஆகவே அசையும் பொருள் என்றது. போல்ட்டு போட்டிருக்கிறதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. எதற்காகப் போட்டார்கள், சேதமின்றிக் கழற்ற முடியுமா என்பதையும் பார்க்கிறார்கள்.

வகை மாறினால் என்ன மாறும்?

நிறையவே மாறும். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவுப் பத்திரம் இல்லாமல் விற்க முடியாது. தங்கச் சங்கிலியைக் கையில் கொடுத்தாலே விற்பனை முடிந்துவிடும். பறிபோன நிலத்தை மீட்க வழக்குப் போட 12 ஆண்டு அவகாசம் உண்டு; அசையும் பொருளுக்கு 3 ஆண்டுதான். நில வழக்கு நிலம் இருக்கும் ஊரில்தான் நடக்கும்.

கொல்கத்தாவின் பழைய தெருக்களில் வீடு பார்க்கும் தமிழர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அங்கே நல்ல காரைக் கட்டடம்கூட டிகா நிலத்தில் நிற்கலாம். சுவர் விற்பவருடையதாகவும் மண் அரசுடையதாகவும் இருக்கலாம். சுவருக்கு அடியில் இருக்கும் மண் யார் பேரில் இருக்கிறது என்று ஆவணங்களில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.