தோலின் எபிஜெனெடிக் கடிகாரம்

தோல் செல்களின் டி.என்.ஏ.வில் ஒட்டியுள்ள மெத்தில் குறிகளைக் கொண்டு தோலின் உயிரியல் வயதைக் கணிக்கும் முறை. வயது ஏற ஏற, சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து அமைந்த சில இடங்களில் இக்குறிகள் கூடும். வேறு சிலவற்றில் குறையும். ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் 353 இடங்களை வைத்து உருவாக்கிய பொதுக் கடிகாரம் பல திசுக்களுக்குப் பொருந்தினாலும், தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் தடுமாறியது. அக்குறையைப் போக்க 2018இல் 391 இடங்களைக் கொண்ட தோல்–இரத்தக் கடிகாரம் வந்தது. புரோஜீரியா நோயுற்ற சிறுவர்களின் செல்கள் விரைந்து முதுமையடைவதை முந்தைய கடிகாரம் காட்டவில்லை, இது காட்டியது. வெயில்படும் மேல்தோலில் மெத்தில் குறிகள் பரவலாகக் குறைகின்றன. ஆகவே, மாதிரி முகத்திலிருந்து எடுக்கப்பட்டதா, ஆடை மறைக்கும் பகுதியிலிருந்தா என்பதைப் பார்க்காமல் முடிவுகளை ஒப்பிடுவது பிழையாகும். முதுமையைத் தணிப்பதாகச் சொல்லும் பூச்சு மருந்துகளைச் சோதிக்கவும் இக்கணிப்பு பயன்படுகிறது. ஆனால், கணித்த வயது குறைந்ததாலேயே தோல் இளமையாகிவிட்டதென்று கொள்ள இயலாது.