மலையடியில் புதைந்த பீடம்

ஜேர்மனியின் தலைநகரான பேர்லினின் மேற்குப் பகுதியில் குரூனவால்ட் என்றொரு காடு இருக்கிறது. அக்காட்டில் மரங்கள் மூடிய மலையொன்று கடல் மட்டத்திலிருந்து 120 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. பெயர் தொய்ஃபல்ஸ்பேர்க். 'சாத்தானின் மலை' என்பது பொருள். பக்கத்திலுள்ள சாத்தான் குளத்தின் பெயரே மலைக்கும் வந்தது. இம்மலை இயற்கையாய் உண்டானதல்ல. ஒரு பல்கலைக்கழகத்தின் இராணுவப் பீடத்துக்காக எழுப்பப்பட்ட கட்டடம் அதன் அடியில் புதைந்து கிடக்கிறது.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது பேர்லின் தொழில்நுட்ப உயர்கல்லூரி உலகப் புகழ் பெற்றிருந்தது. யூத வம்சத்தில் வந்த ஆசிரியர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். பௌதிகவியலாளர் இயூஜின் விக்னர் பதவியை இழந்தார். 1925ஆம் ஆண்டின் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட குஸ்தாவ் ஹேர்ட்ஸும் வெளியேற நேர்ந்தது. கற்றோரைத் துரத்திய அதே நிறுவனத்தில் இராணுவத் தொழில்நுட்பத்துக்கென ஒரு பீடம் அமைந்தது. அதன் பீடாதிபதியான கார்ல் பெக்கர் ஒரு பீரங்கிப்படை ஜெனரல். ஆயுதங்களும் வெடிமருந்தும் பட்டப்படிப்புக்குரிய பாடங்களாயின.

இந்தப் பீடத்துக்காகக் குரூனவால்டில் பிரமாண்டமானதொரு கட்டடம் திட்டமிடப்பட்டது. 1937 நவம்பர் 27இல் ஹிட்லரே அடிக்கல் நாட்டினார். அல்பேர்ட் ஸ்பீரின் பொறுப்பில் பேர்லினைப் புதிய உலகத் தலைநகராக்கும் திட்டத்தில், பல்கலைக்கழக நகரின் முதற் கட்டடம் இதுதான். ஆனால் 1939இல் யுத்தம் மூண்டது. 1940 ஏப்ரலில், ஆயுத உற்பத்தி பற்றிய குற்றச்சாட்டுகளின் நடுவே, பெக்கர் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டில் கட்டட வேலையும் நின்றது. யுத்தம் கற்பிக்க எழுந்த கட்டடத்தை யுத்தமே பூர்த்தியாக விடவில்லை.

1945இல் பேர்லின் இடிந்து கிடந்தது. இடிபாடு ஏறத்தாழ 75 மில்லியன் கனமீற்றர் என மதிப்பிடப்பட்டது. பெண்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக அதை அகற்றினர். முழுசாகக் கிடைத்த செங்கற்களைச் சுரண்டித் துப்புரவாக்கி அடுக்கினர். உதவாததை எங்கே கொட்டுவது? மேற்கு பேர்லினைச் சுற்றிலும் சோவியத் பிடியிலிருந்த நிலம். காட்டில் அரைகுறையாக நின்ற கட்டடமோ உடைப்பதற்குக் கடினமானது. அதன் மேலேயே கொட்டினார்கள். 1950 முதல் 1972 வரை லொறி லொறியாக வந்து சேர்ந்தது சுமார் 26 மில்லியன் கனமீற்றர்; நகரத்து இடிபாட்டில் மூன்றிலொரு பங்கு. சாதாரண மக்கள் சமைத்த அடுக்களைகளும் பிள்ளைகள் உறங்கிய அறைகளும் அந்தப் பீடத்தின் மீது மலையாய் எழுந்தன.

உயர்கல்லூரி 1946 ஏப்ரலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்ற புதுப் பெயருடன் தொடங்கியது. பொறியியல் மாணவரும் மானுடவியற் கல்வி பெறவேண்டும் என்ற எண்ணம் அப்பெயர் மாற்றத்தில் இருந்தது.

மலை மட்டும் யுத்தத்திடமிருந்து விடுபடவில்லை. 1960களில் அமெரிக்கரும் பிரித்தானியரும் அதன் உச்சியில் ஒட்டுக்கேட்கும் நிலையமொன்றை அமைத்து, கிழக்கின் வானொலிச் செய்திகளுக்குக் காது கொடுத்தனர். 1990இல் ஜேர்மனி ஒன்றானபின் அவர்களும் போய்விட்டனர். ஹோட்டலும் வீடுகளும் கட்டும் தனியார் திட்டம் கைகூடவில்லை. சினிமா நெறியாளர் டேவிட் லின்ச்சும் மகரிஷி இயக்கத்தினரும் 2007இல் அங்கே 'சமாதானப் பல்கலைக்கழகம்' அமைக்க முயன்றனர். அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. கைவிடப்பட்ட நிலையம் 2018இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாயிற்று.

அங்கே போவோர் சுவரோவியங்களையும் கிழிந்துபோன வெண்ணிற உருண்டைக் கூடாரங்களையும் பார்த்துத் திரும்புகிறார்கள். காலடியில் புதைந்திருக்கும் பீடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் வீழ்ச்சியை முதல் லொறி இடிபாடு கொட்டிய 1950இலிருந்து கணக்கிடுவது பிழை. ஹேர்ட்ஸைப் போன்ற ஆசிரியர்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்திய நாட்களிலேயே அது தொடங்கிவிட்டது. அப்போது அடிக்கல்கூட நாட்டப்பட்டிருக்கவில்லை.