சர்க்கார் வக்கீல்: ஒரு பதவியின் வரலாறும் ஒரு வாழ்வும்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், வத்திராயிருப்புக்குச் சாலை பிரியும் கிருஷ்ணன்கோவிலைக் கடந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடுகிறது. ஆண்டாள் கோயில் கோபுரத்தாலும் பால்கோவாவாலும் அறியப்பட்ட இவ்வூருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1985ஆம் ஆண்டு இராமநாதபுரத்திலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டத்திற்கு ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் அமைந்தது. முதன்மை மாவட்ட நீதிமன்றமோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது. இராஜபாளையத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்து அதன் தாழ்வாரத்தில் காத்திருக்கும் எளிய மக்கள், கொலை வழக்கை நடத்துபவரைக் குறிக்க இன்றும் வழங்கும் சொல் ‘சர்க்கார் வக்கீல்’ என்பதாகும்.

‘வக்கீல்’ அரபுச் சொல். பிறர் சார்பில் பொறுப்பேற்றுச் செயற்படுபவர் என்பது அதன் பொருள். வக்காலத்து, தாவா, ஜாமீன், ராஜி, முன்சீப், அமீனா என நம் நீதிமன்றத் தமிழில் ஊடாடும் சொற்கள் பலவும் அவ்வழி வந்தவையே. ‘சர்க்கார்’ பாரசீகச் சொல். இவ்விரண்டும் இணைந்த பதவி எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், அப்பதவி வகித்த ஒருவரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

உரிமை யாருடையது?

இஸ்லாமியச் சட்டவியலில் கொலைக்கான வழக்கு, முதன்மையாகக் கொல்லப்பட்டவரின் உறவினருக்கு உரியது. கிஸாஸ் எனும் பழிக்குப்பழியைக் கோரவும், திய்யத் எனும் ஈட்டுத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும், முற்றாக மன்னித்துவிடவும் அவர்களுக்கு உரிமை உண்டு. உறவினர் எவருமற்றவர் கொல்லப்பட்டால்? ‘பொறுப்பாளர் இல்லாதவருக்கு ஆட்சியாளரே பொறுப்பாளர்’ என்னும் நெறியின்படி அவ்வுரிமை ஆட்சியாளரைச் சேரும் என்று சட்ட அறிஞர்கள் வகுத்தனர். குற்ற வழக்கில் அரசு ஒரு தரப்பாக நிற்பதற்கான அறநியாயத்தின் வித்து இந்நெறியில் இருப்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்தில் நிருவாகத்தைக் கைக்கொண்ட பின்னரும் குற்றவியலில் இஸ்லாமியச் சட்டமே நீடித்தது. காஜிகளும் முப்திகளும் நீதிமன்றச் சட்ட அலுவலர்களாக அமர்ந்து, மெய்ப்பிக்கப்பட்ட குற்றத்திற்கு உரிய தண்டனை யாது எனப் பத்வா வழங்கினர். சென்னை மாகாணத்திலும் 1802ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் இம்முறையையே நிறுவின. எனினும் கார்ன்வாலிஸ் ஆளுநர் நாயகமாக இருந்தபோது, 1790ஆம் ஆண்டு முதல், உறவினரின் மன்னிக்கும் உரிமை படிப்படியாக நீக்கப்பட்டது. கொலை அரசுக்கு எதிரான குற்றமாயிற்று. வழக்கு நடத்தும் கடமையும் அரசின் கைக்கு வந்தது.

இம்மாற்றத்தால் இழப்பும் நேர்ந்தது, ஆதாயமும் விளைந்தது. மன்னிப்புக்கும் சமரசத்திற்கும் இருந்த வாயில் அடைபட்டது. அதே வேளையில், செல்வாக்குள்ளவன் ஏழைக் குடும்பத்தை மிரட்டி மன்னிப்பை வாங்கித் தப்பிக்கும் வழியும் அடைபட்டது. அரசு நேர்மையாக நடந்துகொள்ளும் வரையில்தான் இந்த ஆதாயம் நிலைக்கும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1862ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது. பத்வா வழங்கிய சட்ட அலுவலர் பதவிகள் 1864இல் ஒழிக்கப்பட்டன. மாகாணத் தலைநகரில், மன்னர் பெயரால் வழக்கு நடத்துபவர் ‘கிரவுன் பிராசிகியூட்டர்’ என்று வழங்கப்பட்டார். அப்பதவி நெடுங்காலம் ஐரோப்பியரிடமே இருந்தது.

எத்திராஜ்

அந்நிலையை மாற்றியவர் வேலூரில் 1890ஆம் ஆண்டு பிறந்த வி.எல். எத்திராஜ். சென்னை மாநிலக் கல்லூரியிலும், பின்னர் அயர்லாந்தின் டப்ளின் நகரிலும் பயின்று பாரிஸ்டரானவர். சென்னையில் கிரவுன் பிராசிகியூட்டராக அமர்த்தப்பட்ட முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்கு உண்டு. ஜூரர்கள் அமர்ந்து தீர்ப்புக் கூறிய காலம் அது. சட்டப் புலமையோடு, சாதாரண மனிதர் ஒன்பதின்மர் மனங்கொள்ளும்படி சான்றுகளை அடுக்கும் ஆற்றலும் வேண்டியிருந்தது. குறுக்கு விசாரணையில் அவருக்கு நிகரானவர் சிலரே எனப் பெயர் பெற்றார்.

அவர் பெயர் தமிழகமெங்கும் பரவியது, பதவி நீங்கிய பின்னர் எதிர்த்தரப்பில் நின்ற வழக்கினால்தான். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். திரை நட்சத்திரங்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சதிக் குற்றச்சாட்டில் கைதாயினர். அப்போது கிரவுன் பிராசிகியூட்டராக இருந்தவர் பி. கோவிந்த மேனன். 1945இல் ஜூரர்களின் முடிவை ஏற்று நீதிபதி மாக்கெட் இருவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதித்தார். உயர்நீதிமன்ற மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. ஆனால் இலண்டன் பிரிவி கவுன்சில், உயர்நீதிமன்றம் தனக்குள்ள அதிகாரத்தைச் சரிவர உணராது முடிவெடுத்துவிட்டதாகக் கருதி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மறுவிசாரணையில் எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பலும் ஷஹாபுத்தீனும் அரசுத் தரப்புச் சான்றுகள் நம்பத்தக்கனவல்ல எனக் கண்டு இருவரையும் விடுவித்தனர். அந்த ஷஹாபுத்தீனே பின்னாளில் 1960இல் பாகிஸ்தானின் தலைமை நீதிபதியானார்.

கோவிந்த மேனனின் பாதை வேறு திசையில் சென்றது. ஜப்பானியப் போர்க் குற்றங்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயத்தில் இந்தியாவின் சார்பில் அவர் அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் பணியாற்றினார். பின்னர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகி, 1956இல் உச்சநீதிமன்றத்திற்கு உயர்ந்தார். அவர் வழக்குரைத்த அதே டோக்கியோ தீர்ப்பாயத்தில், இந்திய நீதிபதி ராதாவினோத் பால் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டுமென மாறுபட்ட தீர்ப்பு எழுதினார் என்பது எண்ணத்தக்கது. ஒரே நாடு அனுப்பிய இருவர் எதிரெதிர் முடிவுகளுக்காக நின்றனர். இருவரும் தத்தம் கடமையையே செய்தனர்.

எத்திராஜின் வாழ்வில் நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி இன்னும் ஒன்றுண்டு. பெண் கல்விக்காக அவர் பத்து இலட்சம் ரூபாய் நன்கொடையளித்து, 1948 ஜூலையில் மகளிர் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். 98 மாணவியருடன் அது முதலில் இயங்கிய இடம் இராயப்பேட்டை ஹோபார்ட் பள்ளி வளாகம். ஆளுநர் ஹோபார்ட் பிரபுவின் துணைவியார் பெயரால், முஸ்லிம் பெண்களின் கல்விக்கென எழுந்த பள்ளி அது. நம் சமுதாயச் சிறுமியர்க்காகக் கட்டப்பட்ட கூரையின் கீழ்ப் பிறந்த கல்லூரி, 1951இல் சொந்த இடத்திற்குப் பெயர்ந்து, இன்று எத்திராஜ் சாலையில் தழைத்து நிற்கிறது. எத்திராஜ் 1960 ஆகஸ்டில் மறைந்தார்.

நீதியின் கருவி

அரசு வழக்கறிஞரின் கடமை யாது? எப்பாடுபட்டேனும் தண்டனை வாங்கித் தருவது அவருடைய வேலையன்று என்று உச்சநீதிமன்றம் 1999இல் தெளிவுபடுத்தியது. குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மையையும் அவர் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். பகைமை கொண்ட கூட்டத்தாரிடமும் நீதி தவறலாகாது என்று நம் மார்க்கம் விதித்திருப்பதை அறிந்தவர்க்கு இது புதிய பாடமன்று.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 2002 மார்ச் முதல் நாளில் வடோதராவின் பெஸ்ட் பேக்கரியில் 14 பேர் கொல்லப்பட்டனர். 2003 ஜூனில் குற்றம்சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலையாயினர். 2004 ஏப்ரலில் நீதிபதிகள் துரைசாமி ராஜுவும் அரிஜித் பசாயத்தும், அரசு வழக்கறிஞர் எதிர்த்தரப்பின் வழக்கறிஞர்போல் நடந்துகொண்டதைக் கண்டித்து, மறுவிசாரணையை மகாராட்டிரத்தில் நடத்த ஆணையிட்டனர். 2006இல் மும்பை நீதிமன்றம் ஒன்பது பேரைத் தண்டித்தது. 2012இல் மேல்முறையீட்டில் நால்வரின் தண்டனை உறுதியாயிற்று. பொறுப்பாளர் அற்றவருக்குப் பொறுப்பாளராக நிற்க வேண்டிய அரசே விலகி நின்றால், பழைய சட்டம் உறவினருக்கு அளித்த உரிமையும் இல்லை, புதிய சட்டம் வாக்களித்த காவலும் இல்லை என்றாகிறது.

இக்குறையை ஓரளவு உணர்ந்ததற்கான அடையாளம் சட்டத்தில் இப்போது தென்படுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவின்படி, அரசு வழக்கைத் திரும்பப் பெறும் முன் பாதிக்கப்பட்டவரின் கருத்தை நீதிமன்றம் கேட்டாக வேண்டும். 1790களில் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட உறவினர், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உள்ளே வந்து ஒரு சொல் சொல்ல இடம் பெற்றிருக்கிறார்.

ஆயினும் சட்டப் பிரிவுகளைக் காட்டிலும், அப்பதவியில் அமர்பவரின் மனச்சான்றே பெரிது. நம் இளைஞர்கள் சட்டம் பயின்று தனித் தொழிலை மட்டும் நாடாமல், மாவட்ட நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் நிற்கும் பொறுப்பையும் விரும்பி ஏற்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத் தாழ்வாரத்தில், மகனை இழந்து கையில் ஒரு சம்மனுடன் அமர்ந்திருக்கும் கிராமத்துத் தாய்க்கு, சர்க்கார் வக்கீலைத் தவிர வேறு வக்கீல் இல்லை.