பழைய கார் வாங்கிய பின் பழுது தெரிந்தால்: ஷரீஅத்தும் சட்டமும் தரும் உரிமைகள்

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாதம் இரண்டு முறை பெரியவர்களை அழைத்து வர வேண்டிய வீடுகளில், "ஒரு கார் இருந்தால் தேவலை" என்ற பேச்சு எப்படியும் எழும். புது வண்டிக்குக் கை எட்டாது. வட்டிக் கடனுக்கு மனம் ஒப்பாது. கையிலிருக்கும் இரண்டு மூன்று லட்சத்துக்குள் பழைய வண்டி ஒன்றைத் தேடுகிறோம். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பார்த்து, ஒரு சுற்று ஓட்டி, பணத்தைக் கொடுத்து எடுத்து வருகிறோம். பத்தே நாளில் மெக்கானிக் "இன்ஜினை இறக்கணும்" என்கிறார். விற்றவரிடம் போனால், "ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க, பாய்?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

பலர் அந்தப் பதிலோடு திரும்பி வந்து, நகையை அடகு வைத்து வண்டியைச் சரி செய்கிறார்கள். ஓட்டிப் பார்த்து வாங்கியதாலேயே உரிமை போய்விடுவதில்லை. மார்க்கத்திலும் போவதில்லை, நாட்டுச் சட்டத்திலும் போவதில்லை. எது வரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வாங்கிய பொருளில் மறைந்திருந்த குறை தெரிய வந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு ஃபிக்ஹு நூல்களில் 'கியாருல் ஐப்' என்று பெயர். கறக்காமல் பாலைத் தேக்கி வைத்து, மடி பெரிதாகத் தெரியும்படி செய்து ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் கறந்த பாலுக்காக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்று அபூஹுரைரா (ரலி) வழியாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்து வைப்பதும், புகை தெரியாமலிருக்க இன்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றி வைப்பதும் அந்த மடியைப் பெருக்கிக் காட்டும் வேலைதான். இந்த ஹதீஸை ஹனஃபி அறிஞர்கள் வேறு விதமாக விளங்கினார்கள் என்றாலும், மறைந்த குறைக்காகப் பொருளைத் திருப்பலாம் என்ற அடிப்படையை எல்லா மத்ஹபுகளும் ஏற்கின்றன.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. பொருள் நம் கைக்கு வருவதற்கு முன்பே குறை இருந்திருக்க வேண்டும். வாங்கும்போது அது நமக்குத் தெரிந்திருக்கக் கூடாது. அந்தத் தொழில் தெரிந்தவர்கள் பார்வையில் அது விலையைக் குறைக்கும் குறையாக இருக்க வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் டயர் தேய்ந்திருப்பதும் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டி வருவதும் குறை அல்ல, வயது. அதற்கெல்லாம் விற்றவரின் வீட்டு வாசலில் போய் நிற்பது நியாயமில்லை. விபத்தில் சேஸிஸ் வளைந்து தட்டி நிமிர்த்திய வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, விரிசல் விட்டு ஒட்டிய இன்ஜின் பிளாக் ஆகியவை குறை.

இதில் நம்மில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. குறை தெரிந்த பின்னும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் திருப்பும் உரிமை போய்விடும். ஷாஃபிஈ மத்ஹபு இதில் மிகவும் கண்டிப்பானது: தெரிந்தவுடன் தாமதிக்காமல் சொல்ல வேண்டும், பயன்பாட்டையும் நிறுத்த வேண்டும். ஹனஃபி மத்ஹபில் தாமதம் மட்டுமே உரிமையைப் பறிக்காது; ஆனால் குறையைப் பொருந்திக்கொண்டதைக் காட்டும் செயல் பறித்துவிடும். தெரிவதற்கு முன்பு ஓட்டிய நாட்களுக்கு விற்றவர் வாடகை கேட்க முடியாது. பொறுப்பைச் சுமந்தவருக்கே பயன் என்ற நபிமொழியை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்; அது இப்படி ஒரு வழக்கில் சொல்லப்பட்டதுதான். நம் கையில் வந்த பிறகு வண்டி எங்காவது இடித்துப் புதுக் குறை ஏற்பட்டிருந்தால், திருப்புவதற்குப் பதிலாக விலை வித்தியாசத்தைத்தான் கேட்க முடியும்.

"உள்ளது உள்ளபடி விற்றேன், பிறகு கேட்கக் கூடாது" என்று சொல்லி விற்றால்? ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, கால்நடையில் விற்பவருக்கே தெரியாத உள் குறைக்கு மட்டும்தான் அது செல்லும், மற்றவற்றுக்குச் செல்லாது. எந்த மத்ஹபாக இருந்தாலும், தெரிந்தே மறைத்தவரின் பாவம் அந்த வார்த்தையால் கழுவப்படுவதில்லை. குறையைச் சொல்லாமல் விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஹலால் இல்லை என்று உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது.

நாட்டுச் சட்டம்: வாய் மூடியிருந்தால் மோசடியா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த இடத்தில் மார்க்கத்தை விட ஒரு படி கீழே நிற்கிறது. தெரிந்த குறையை முனைந்து மறைத்தால் அது மோசடி என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் சும்மா வாய் மூடியிருப்பது மோசடி ஆகாது. அதே பிரிவில் குதிரை விற்பவரை வைத்து உதாரணங்கள் தரப்பட்டுள்ளன. குதிரைக்கு நோய் என்று தெரிந்தும் ஏலத்தில் ஒன்றும் சொல்லாமல் விற்றால் மோசடி இல்லை. வாங்குபவர் விற்பவரின் மகளாக இருந்தால் அந்த உறவு சொல்லும் கடமையை உண்டாக்குகிறது. மூன்றாவது உதாரணம்தான் நமக்கு வேண்டியது: "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். வண்டி விபத்தில் சிக்கியதா, தண்ணீரில் மூழ்கியதா, ஓடிய கிலோமீட்டர் உண்மையா, இன்ஜின், கியர்பாக்ஸ் வேலை ஏதும் நடந்ததா என்று கேளுங்கள். "இல்லை என்று நீங்கள் மறுக்காவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் வாங்குகிறேன்" என்ற வரியையும் சேருங்கள். நல்ல மனிதர் இதற்குக் கோபப்பட மாட்டார். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள்.

விற்பவர் தொழிலாகவே கார் விற்பவர் என்றால் 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் கூடுதலாகத் துணை நிற்கிறது. அவர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது. "ஓட்டிப் பார்த்தீங்களே" என்ற பதிலுக்கு இடம் தருவது இதே 16-ஆவது பிரிவுதான்: நாம் பார்த்திருந்தால், அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குப் பிறகு முறையிட முடியாது. உடைந்த விளக்குக்கு அது பொருந்தும், கியர்பாக்ஸின் உள்ளே இருந்த தேய்மானத்துக்குப் பொருந்தாது. ஆனால் இந்தப் பாதுகாப்பை ஒப்பந்தத்தில் எழுதி விலக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. கையெழுத்துப் போடும் காகிதத்தில் 'உள்ளது உள்ளபடி' என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. 2012 செப்டம்பர் முதல் அங்கே நடப்பிலுள்ள சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். கடைக்காரரிடம் வாங்கும் பழைய காருக்கும் அது பொருந்தும். இங்கே நிரூபிக்கும் சுமை நம் தலையில்தான்.

எங்கே முறையிடுவது?

தொழிலாக விற்பவரிடம் வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியது சென்னையிலோ புதுச்சேரியிலோ இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். முண்டியம்பாக்கத்துக்காரருக்கும் திண்டிவனத்துக்காரருக்கும் அது விழுப்புரம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை, கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். சில விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

வாடகைக்கு ஓட்ட வாங்கிய வண்டி என்றால் "இது வணிகம், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதிடும். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான். நாலு வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவருக்கு இது பொருந்தாது.

தன் சொந்தக் காரை விற்ற தனி மனிதர் வியாபாரி இல்லை என்பதால் அவர் மீது நுகர்வோர் ஆணையம் போவது கடினம். உரிமையியல் நீதிமன்றம்தான் வழி, அது நீளும். இருவரும் முஸ்லிம்கள் என்றால் முதலில் ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசுவதே நல்லது என்பது நம் கருத்து. இரு தரப்புக்கும் பொதுவான ஒரு மெக்கானிக்கை வைத்து வண்டியைப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

எங்கே போவதானாலும் வண்டியை உடனே பிரித்து வேலை செய்துவிடாதீர்கள். பிரித்துவிட்டால் சாட்சியே போய்விடும். முதலில் கம்பெனி சர்வீஸ் நிலையத்திலோ அனுபவமுள்ள மெக்கானிக்கிடமோ என்ன குறை, எவ்வளவு காலமாக இருந்திருக்கும், சரி செய்ய என்ன செலவு என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு விற்றவருக்கு 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

வெள்ள வண்டி

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் மாவட்டம் மறக்காது. அப்போதும் 2023 டிசம்பரில் சென்னையிலும் மூழ்கிய வண்டிகள் துடைத்து, பாலிஷ் போட்டு விற்பனைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளின் துரு, கம்பளத்தின் வாடை ஆகியவற்றையும் பாருங்கள். பழைய இன்ஷூரன்ஸில் 'நோ கிளெய்ம் போனஸ்' பூஜ்யமாக இருந்தால் காரணம் கேளுங்கள். புதிதாகக் கைமாறிய வண்டியிலும் அது பூஜ்யமாகும், ஆனால் பல ஆண்டு ஒருவரிடமே இருந்த வண்டியில் அப்படி இருந்தால் ஏதோ பெரிய இழப்பீடு வாங்கியிருக்கலாம். சர்வீஸ் நிலையத்தில் பதிவாகியிருக்கும் கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேசி முடித்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வந்தால், ஆர்.சி. அதற்குள் நம் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், பணம் கைக்கு வரும் அன்றே படிவம் 29, 30-இல் இரு தரப்பும் கையெழுத்திட்டு, வண்டி பதிவான டி.என். 32 விழுப்புரமோ டி.என். 16 திண்டிவனமோ, அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கைமாறிய பிறகும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.