சுழல் டிரம்மும் கறைப்படுத்தும் டெவலப்பரும்

பைரோகலால், கேட்டிகால் ஆகிய இரண்டில் ஒன்றை முதன்மைப் பொருளாகக் கொண்ட கறுப்பு-வெள்ளை டெவலப்பர்கள், ஃபிலிமில் வெள்ளிப் படிமத்தோடு ஒரு நிறப் படிமத்தையும் சேர்த்தே உண்டாக்குகின்றன. இவற்றைக் கறைப்படுத்தும் டெவலப்பர்கள் என்பர். 1851இல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையிலேயே பைரோகலால் இடம்பெற்றது. எட்வர்ட் வெஸ்டன் தன் 8×10 அங்குல நெகட்டிவ்களை ஏ.பி.சி. பைரோ என்ற பழைய வாய்பாட்டில் துலக்கினார். 1990களின் தொடக்கத்தில் கோர்டன் ஹட்சிங்ஸின் பி.எம்.கே. வாய்பாடும், பின்னர் சாண்டி கிங்கின் பைரோகேட்-எச்.டி.யும் இவற்றுக்குப் புதுவாழ்வு தந்தன. அதே காலத்தில் பெரிய தாள் ஃபிலிம்களைத் துலக்க ஜெர்மனியின் ஜோபோ நிறுவனம் செய்த சுழல் டிரம்களும் பரவின. டிரம்மில் பைரோ சரிப்படாது, ஃபிலிம் முழுக்க மஞ்சள் பூத்துவிடும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் குற்றவாளி டிரம் அல்ல. அதனுள் அடைபட்ட காற்றுக்கும் ஊற்றிய கரைசலுக்கும் உள்ள விகிதம்தான். அந்த விகிதம் நம் கைக்குள் இருப்பது.

கறை எப்படி உண்டாகிறது என்பதில்தான் விளக்கம் தொடங்குகிறது. ஒளிபட்ட வெள்ளி ஹாலைடை வெள்ளியாக ஒடுக்கும்போது டெவலப்பர் மூலக்கூறு தான் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அவ்வாறு பிறக்கும் குயினோன் வகைப் பொருள் அருகிலுள்ள ஜெலட்டினை இறுக்கி, அங்கேயே நிறமாகப் படிகிறது. வெள்ளி எவ்வளவோ அவ்வளவு கறை. பைரோகலாலில் மஞ்சள்-பச்சை, கேட்டிகாலில் பழுப்பு. இதுவே படிமக் கறை. நறுக்கிய வாழைப்பூ காற்றுப்பட்டுக் கறுப்பதும் இதே குடும்பத்து வேதிவினைதான். கறுக்காமலிருக்க அதை மோரில் போடுவது போல, சாதாரண டெவலப்பர்களில் சல்ஃபைட்டைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். கறைப்படுத்தும் வாய்பாடுகளில் அப்படிச் செய்ய வழியில்லை, ஏனெனில் சல்ஃபைட் மிகுந்தால் படிமக் கறையும் பிறக்காது. எனவே இக்கரைசல்கள் காற்றுக்கு எதிரே கிட்டத்தட்டக் கவசமின்றி நிற்கின்றன. காற்று ஆக்சிஜனேற்றிய பகுதியும் கறையாகவே முடிகிறது, ஆனால் வெள்ளி இருக்கும் இடம் பார்க்காமல் தாள் முழுவதும் ஒரே சீராகப் படிகிறது. இதைப் பொதுக் கறை என்கிறோம்.

காரம் சேர்த்த பைரோகலால் ஆக்சிஜனை எவ்வளவு ஆவலாக உறிஞ்சும் என்பதற்குத் தனிச் சான்று வேண்டியதில்லை: பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வாயுக் கலவையில் ஆக்சிஜனை அளக்க வேதியியலாளர்கள் இக்கரைசலையே பயன்படுத்தினர். டிரம்மின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பி.எம்.கே.யின் வழக்கமான 1:2:100 கலவையில் லிட்டருக்குச் சுமார் 1 கிராம் பைரோகலால் உண்டு. 250 மில்லியில் கால் கிராம், அதாவது 2 மில்லிமோல். ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 8.7 மில்லிமோல் ஆக்சிஜன் இருக்கிறது. பத்து 4×5 தாள்களையோ ஐந்து 8×10 தாள்களையோ கொள்ளும் ஜோபோவின் எக்ஸ்பர்ட் வகை டிரம்மில் அடைபடும் காற்று ஒரு லிட்டருக்குக் குறையாது. ஆக்சிஜனின் அளவைக் குறைத்து இந்தப் போட்டியில் வெல்ல முடியாது என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது. நம் பிடியில் இருப்பவை இரண்டு: காற்று கரைசலுக்குள் எவ்வளவு விரைவில் இறங்குகிறது, இறங்கியது எவ்வளவு டெவலப்பரிடையே பங்கிடப்படுகிறது.

தட்டில் துலக்கும்போதும் கரைசல் திறந்த காற்றில்தானே கிடக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தட்டில் கரைசல் ஓரளவு ஆழமாக நிற்கிறது. காற்றைத் தொடுவது மேற்பரப்பு மட்டுமே. டிரம்மில் ஒவ்வொரு சுற்றிலும் உட்சுவரும் தாள்களும் மெல்லிய ஈரப்படலமாகக் காற்றில் விரிந்து, மீண்டும் கரைசலில் தோய்ந்து புதுப்படலத்தோடு வெளிவருகின்றன. ஆக்சிஜனைக் கரைக்க இதைவிட நல்ல ஏற்பாடு செய்வது கடினம்! தீர்வுகளும் இங்கிருந்தே கிடைக்கின்றன. சுழற்சியை இயந்திரம் தரும் மிகக் குறைந்த வேகத்தில் வைப்பது ஒன்று. காற்று நுழையும் பரப்பு பெரிதாக மாறாது என்பதால், இயந்திரம் தாங்கும் அளவுக்குள் கரைசலை இரட்டிப்பாக்கினால் இழப்பு இரு மடங்கு டெவலப்பரிடையே பரவுகிறது. பாதி நேரத்தில் பழையதை ஊற்றிவிட்டுப் புதுக்கரைசல் விடுவது இன்னும் பயன்தரும், நிறமேறிய கழிவு அப்போதே வெளியேறிவிடுவதால். வாய்பாட்டுத் தேர்வோ இவை எல்லாவற்றையும்விட முக்கியம். கேட்டிகால் பைரோகலாலைவிடக் காற்றுக்கு மெதுவாகவே இணங்கும் என்பதால் பைரோகேட்-எச்.டி. டிரம்மில் நிதானமாக நடந்துகொள்கிறது. பைரோகலாலே வேண்டுமென்பவர்களுக்கு, ஏ.பி.சி.யைச் சுழற்சிக்கேற்பத் திருத்திய ரோலோ பைரோ உண்டு. டிரம்மில் பி.எம்.கே.யைக் கண்மூடி ஊற்றிவிட்டுக் கறைப்படுத்தும் டெவலப்பர் வகையையே ஒதுக்குவது அவசர முடிவு.

மஞ்சள் மிகுந்தால் நல்லதுதானே, கறைக்காகத்தானே இந்த டெவலப்பர் என்ற எதிர்வாதம் பழைய நடைமுறையில் வேரூன்றியது. ஃபிக்சருக்குப் பிறகு ஃபிலிமைப் பயன்படுத்திய டெவலப்பரிலேயே மீண்டும் நனைத்து நிறத்தைக் கூட்டும் வழக்கமும் இருந்தது. அதில் கூடுவது பொதுக் கறைதான். படிமக் கறையின் பயன், அது நீலத்தையும் புற ஊதாவையும் மறைத்து, வெள்ளியின் மேல் இன்னொரு அடர்த்தியாக நிற்பதில் இருக்கிறது. பிளாட்டினம் போன்ற புற ஊதா அச்சுகளுக்குத் தேவையான உயர் மாறுபாட்டைத் தருவதும், வேரியபிள் கான்ட்ராஸ்ட் தாளில் ஒளிமிகு பகுதிகளை இளக்கி மேகத்தின் நுணுக்கத்தைக் காப்பதும் அதுவே. பொதுக் கறை ஃபிலிம் முழுக்க ஒரே அளவில் இருப்பதால் மாறுபாட்டில் எதையும் சேர்க்காது; அச்சு நேரத்தை நீட்டும், அவ்வளவே. ஓரங்களில் தடிப்பாகப் படிந்தால் வானத்தில் பட்டை விழுந்து நெகட்டிவையே கெடுக்கும்.

ஓயாத சுழற்சியில் விளிம்புக் கூர்மை குறையும் என்ற ஆட்சேபணைக்கு வலு அதிகம். கலக்காமல் விடும் இடைவெளியில் அடர்ந்த பகுதிக்கும் மெலிந்த பகுதிக்கும் நடுவே டெவலப்பர் தீர்ந்து மெல்லிய விளிம்புகள் தோன்றும்; டிரம்மில் அதற்கு அவகாசமில்லை. 35 மி.மீ. ஃபிலிமில் இது பெரிய இழப்பு. ஆனால் 4×5 நெகட்டிவை 16×20 அங்குலத்துக்குப் பெருக்கினால் நான்கு மடங்குதான், 8×10இல் நேரடித் தொடு அச்சு எடுத்தால் பெருக்கமே இல்லை. அந்த அளவில் விளிம்பு நுணுக்கத்தைவிட வானத்தின் சமநிறமே கண்ணுக்குத் தெரிகிறது. ஜெலட்டின் இறுகுவதால் வரும் கூர்மையோ டிரம்மிலும் மிஞ்சுகிறது. பாதுகாப்பும் டிரம்மின் பக்கமே சாய்கிறது. பைரோகலால் தோல்வழியே உடலில் ஏறும் நச்சு. வெஸ்டனின் பார்க்கின்சன் நோய்க்கு இதுவே காரணம் என்ற கதைக்கு நிரூபணம் இல்லை என்றாலும், வெறுங்கையால் தட்டில் தாள்களைப் புரட்டுவது யாருக்கும் ஏற்றதல்ல.

ஒரு டிரம் ஏற்பாடு சரியா என்பதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. ஒளிபடாத தாள் ஒன்றை மற்றவற்றோடு சேர்த்துத் துலக்கி, டென்சிட்டோமீட்டரின் நீல வடிகட்டியில் அளக்க வேண்டும். சாதாரணக் காட்சி அளவீடு மஞ்சளைக் கணக்கில் கொள்ளாது. டெவலப்பரில் படாமல் ஃபிக்சர் மட்டும் கண்ட தாளைவிட அந்த வெற்றுத் தாள் கூடுதலாகக் காட்டும் நீல அடர்த்தியில் பெரும்பங்கு காற்றின் வேலை. டிரம்மின் வெவ்வேறு அறைகளில் இப்படி அளந்து எண்கள் ஒத்துவந்தால் கரைசலின் அளவும் சுழலும் வேகமும் போதுமானவை. ஒத்துவராவிட்டால் முதலில் கரைசலைக் கூட்டிப் பார்க்கலாம், அடுத்து பாதியில் மாற்றலாம். டெவலப்பரை மாற்றுவது அதன்பிறகு.