கடல் இல்லாத மாவட்டத்திலிருந்து ஒரு நாள் கடல் டிரிப்... மாமல்லபுரம் போலாமா?

2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனப்போ, காஞ்சிபுரம் மாவட்டத்தோட கடற்கரை மொத்தமும் அந்தப் பக்கம் போயிடுச்சு. அதனால என்ன? ராஜகுளமோ, உத்திரமேரூரோ... நீங்க எங்க இருந்தாலும் காலையில கிளம்பினா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.

எப்படிப் போறது?

காஞ்சிபுரத்திலிருந்து மாமல்லபுரம் சுமார் 65 கி.மீ. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியா போகணும். நேரடி பஸ் கிடைக்கலைன்னா செங்கல்பட்டுல இறங்கி மாறிக்கலாம். விடியற்காலையிலேயே கிளம்பிடுங்க. பத்து மணிக்கு மேல பாறை சூடேறிடும், செருப்பு இல்லாம கால் வைக்க முடியாது.

எதை முதல்ல பார்க்கலாம்?

வெயில் ஏறுறதுக்குள்ள ஐந்து ரதம். கல்லை அடுக்கிக் கட்டினது இல்லை, பாறையை மேலிருந்து கீழே குடைஞ்சு செதுக்கினது. நகுல சகாதேவ ரதத்தைப் பின்பக்கமா நின்னு பாருங்க. யானையோட முதுகு மாதிரியே இருக்கும். இதைத் 'தூங்கானை மாடம்'னு சொல்வாங்க. பக்கத்துலயே ஒரு கல் யானையும் நிக்கும்!

அடுத்து அர்ஜுனன் தபசு. கூட்டத்தோட நின்னு செல்ஃபி எடுத்துட்டு நகர்ந்துடாதீங்க. ஒத்தைக் கால்ல தவம் செய்யற பூனையையும், அதை நம்பி சுத்தி நிக்கிற எலிகளையும் தேடிப் பிடிங்க.

கடைசியா கடற்கரைக் கோயில். இதைக் கட்டின ராஜசிம்ம பல்லவன்தான் நம்ம காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் கட்டினவர். அங்கே பெரும்பாலும் மணற்கல், இங்கே உப்புக்காத்தைத் தாங்குற கருங்கல். 1984-லிருந்து மாமல்லபுரச் சின்னங்கள் யுனெஸ்கோ பாரம்பர்யப் பட்டியல்ல இருக்கு.

டிக்கெட்: இந்தியர்களுக்கு 40 ரூபாய். 15 வயசுக்குட்பட்டவங்களுக்கு இலவசம். ஐந்து ரதத்துல வாங்கின டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதே நாள்ல கடற்கரைக் கோயிலுக்கும் அதுதான். நேரம் காலை 6 முதல் மாலை 6 வரை.

கடல்ல இறங்கலாமா?

இங்கதான் கொஞ்சம் சீரியஸா பேசணும். ஏரியிலயும் கிணத்துலயும் நீச்சல் கத்துக்கிட்டவங்களுக்கு ஒரு தைரியம் இருக்கும். கடல்கிட்ட அது செல்லாது. கரைக்கு வந்த அலைத் தண்ணி ஒரு குறுகலான பாதை வழியா வேகமா உள்ளே திரும்பும். அலை அடிக்காம அமைதியா தெரியுற இடம்தான் பல நேரம் அந்த இழுப்பு இருக்கிற இடம்.

மாட்டிக்கிட்டா கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீங்க, சோர்ந்துடுவீங்க. மிதந்துக்கிட்டே கையைத் தூக்கி உதவி கேளுங்க. முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி, இழுப்பைத் தாண்டின பிறகு கரைக்குத் திரும்புங்க. ஃப்ரெண்டு மாட்டிக்கிட்டா நீங்களும் குதிக்காதீங்க. மீனவர்களைக் கூப்பிடுங்க, 112-க்கு போன் பண்ணுங்க, மிதக்கிற எதையாவது தூக்கிப் போடுங்க.

முழங்கால் வரைக்கும் நனைஞ்சாலே கடல் கடல்தான். கரையில சூடா மீன் வறுவல் வாங்குறதுக்கு முன்னாடி விலையைக் கேட்டுக்கோங்க. கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே விசாரிச்சுடுங்க. போனவங்க எல்லாரும் திரும்பி வந்தாதான் அது நல்ல டிரிப்!